'அயன்' படமும் அரபிக் கடலும்

கள்ளக் கடத்தல் என்னும் சொல் நாஞ்சில் நாட்டாருக்குப் புதிதன்று. திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் புகையிலை வியாபாரம் சர்க்காரின் ஏகபோகமாய் இருந்த காலத்தே, ஆரல்வாய்மொழிப் பக்கமாகப் பாண்டிப் புகையிலை இரவோடிரவாக உள்ளே வந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ஆம் தேதி மாநில எல்லை ஆரல்வாய்மொழியை விட்டுக் களியக்காவிளைக்குப் பெயர்ந்தது. எல்லை பெயரவே கடத்தலின் திசையும் மாறிற்று. ரேஷன் அரிசி மேற்கு நோக்கிப் போகலாயிற்று. இவற்றைக் குறித்துப் பேசுங்கால் நம்மவர் முகத்தில் வெறுப்பைக் காட்டிலும் ஒரு புன்முறுவலே மிகுதியாய்த் தோன்றுகின்றது. சர்க்காரை ஏய்த்தவன் அண்டை வீட்டானை ஏய்க்கவில்லையே என்பது அப்புன்முறுவலின் பொருள் போலும். இதனையே மூலதனமாகக் கொண்டு எழுந்த தமிழ்ப் படங்கள் பல. அவற்றுள் நன்றாக எடுக்கப்பட்ட ஒன்றைத் துணையாகக் கொண்டு, நாடு விட்டு நாடு செல்லும் போதைப்பொருட் கடத்தல் மெய்யாகவே எவ்வாறு நடைபெறுகின்றது என்பதையும், படம் காட்டாது விட்ட பகுதி யாது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

'அயன்' என்னும் அப்படம் 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் தேதி திரைக்கு வந்தது. ஏ. வி. எம். நிறுவனத்தார் தயாரித்தது, கே. வி. ஆனந்த் இயக்கியது. 2021-இல் காலஞ்சென்ற ஆனந்த், இயக்குநராகுமுன் ஒளிப்பதிவாளராய் இருந்தவர். 'தேன்மாவின் கொம்பத்து' என்னும் மலையாளப் படத்தின் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றவர். சொல்லால் சொல்வதைவிடப் பொருளைக் காட்டி விளங்க வைப்பதில் வல்லவராதலின், கடத்துவோரின் தந்திரங்களையும் விமான நிலையத்துச் சுங்கச் சோதனையையும் பார்ப்போர் மூச்சடக்கிக் காணும்படி அமைத்துள்ளார். அயன் என்பது நான்முகன் பெயர் என்பதைத் தமிழ் வகுப்பு மாணவர் அறிவர். பழைய நிலக் கணக்குகளில் சர்க்காருக்கு நேரே தீர்வை செலுத்தும் நிலத்துக்கும் அயன் என்றே பெயர். தீர்வை செலுத்தாது தப்புவோர் கதைக்கு இப்பெயர் வாய்த்தது வேடிக்கையே.

கதாநாயகன் தேவா கணினி விஞ்ஞானத்தில் எம். எஸ்ஸி. பட்டம் பெற்றவன், சூர்யா அப்பாத்திரத்தை ஏற்றார். ஆறுமுக தாஸ் என்பவரிடம் அவன் கடத்தல் தொழில் செய்கின்றான். காங்கோ நாட்டிலிருந்து வைரம் கொணர்கின்றான். தாஸாகப் பிரபு நடித்துள்ளார். எதிராளி கமலேஷ் என்பவன் கையாளும் சரக்கோ போதைப்பொருள். தேவாவின் நண்பன் சிட்டி போதைப் பொட்டலங்களை வயிற்றினுள் சுமந்து மலேசியாவுக்குச் சென்று, அங்கே உயிர் விடுகின்றான். பின்னர்ப் பழியும் வழக்கும் சண்டையுமாகக் கதை விரைந்து, ஈற்றில் தேவா சுங்க இலாகாவிலேயே உத்தியோகம் ஏற்பதோடு முடிகின்றது. ஆட்டமும் பாட்டும் இடையிடையே உள. அவற்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதொன்றில்லை.

படத்தின் அடிப்படை ஒரு பாகுபாடு. வைரமும் திருட்டு வீடியோத் தட்டும் கொணர்பவன் நல்லவன். போதைப்பொருள் கொணர்பவன் தீயவன். இருவரும் வெவ்வேறு மனிதர், வெவ்வேறு வழி, வெவ்வேறு மனச்சாட்சி. இப்பாகுபாடு கதைக்கு உகந்ததே. உலகில் அது நிற்குமோ என்பதே நம் ஐயம். சென்னைக் கடைவீதிகளில் 'குருவி' என்றொரு சொல் வழங்கும். பிறருடைய சரக்கைத் தன் பெட்டியில் எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறந்து திரும்பும் கூலியாளைக் குறிப்பது அது. 2008-இல் அப்பெயரிலேயே ஒரு படமும் வந்தது. அக்குருவியின் பெட்டியில் இன்று கைப்பேசி இருக்கலாம். நாளை தங்கம் இருக்கலாம். மறுநாள் வேறு எதுவும் இருக்கலாம். பெட்டி ஒன்றே, வழியும் ஒன்றே. கடலிலும் இவ்வாறே. இலங்கை அரசாங்கம் 2020-ஆம் ஆண்டு மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது, மன்னார் வளைகுடாப் பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து மஞ்சள் மூட்டைகள் கள்ளத்தனமாய் அக்கரை சென்றன. நம் அடுக்களை மஞ்சளே! அதே நீர்ப்பரப்பில்தான் கஞ்சாவும் பீடியிலையும் போயின. தங்கக் கட்டிகள் இக்கரைக்கு வந்தன.

இனிச் சரக்கின் மூலத்தைக் காண்போம். ஹெராயின் என்பது அபினியினின்று பிறப்பது. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினியாகும். அதனுள் அடங்கிய மார்பின் என்னும் சத்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் பிரித்தெடுத்தார். அம்மார்பினை இரசாயன வினையால் மாற்றி, 1898-இல் பேயர் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தார் இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 'ஹெராயின்' என்பது அவர்கள் இட்ட வியாபாரப் பெயரேயாம். சுமார் பத்துக் கிலோ அபினியிலிருந்து ஒரு கிலோ ஹெராயின் கிடைக்கும் என்பர். பருமன் குறைந்து விலை உயர்கின்ற இந்த ஒரு காரணமே அதனைக் கடத்தற்கு ஏற்ற பொருளாக்கிற்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், வங்காளத்து அபினியைச் சீனத்திற்கு விற்றுப் பொருள் ஈட்டியது ஆங்கில ஆட்சியே என்பதையும், அதன் பொருட்டு 1839 முதல் 1842 வரை ஒரு போரே நடந்தது என்பதையும் சரித்திர மாணவர் மறந்திரார். அன்று பாட்னாவிலும் காஜிபூரிலும் சர்க்கார் முத்திரையோடு பெட்டி பெட்டியாய்க் கப்பலேறியது, மறைப்பு வேண்டியிருக்கவில்லை. காஜிபூர்த் தொழிற்சாலை மருந்துக்குரிய அபினியை இன்றும் பக்குவப்படுத்தி வருகின்றது.

அண்மைக் காலத்தில் உலகத்து அபினியின் பெரும்பகுதி ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தாலிபான் ஆட்சியினர் கசகசாப் பயிரைத் தடை செய்தனர். ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் அலுவலகத்தார் கணக்குப்படி, 2022-இல் 2,33,000 ஹெக்டேராக இருந்த பயிர் 2023-இல் 10,800 ஹெக்டேராகச் சுருங்கிற்று. மியன்மார் முதலிடத்தை அடைந்தது. எனினும் முன்னரே சேமித்த சரக்கு மிகுதி. அன்றியும், பயிரை வேண்டாத செயற்கைப் போதைப்பொருள் அதே வழியில் வரத் தொடங்கிற்று. 2023-ஆம் ஆண்டு மே மாதம் இந்தியக் கடற்படையும் போதைப்பொருள் தடுப்புப் பிரிவினரும் கைப்பற்றிக் கொச்சிக்குக் கொணர்ந்தது சுமார் 2,500 கிலோ மெத்தாம்பெடமைன்.

ஆப்கானிஸ்தானத்துக்குக் கடற்கரை இல்லை. ஆகவே சரக்கு ஈரான், பாகிஸ்தான் நாடுகளின் தென்கரையாகிய மக்ரான் கரைக்கு வருகின்றது. அங்கிருந்து 'தௌ' எனப்படும் மரக்கலங்கள் அதனை ஏற்றிக்கொண்டு அரபிக் கடலில் இறங்குகின்றன. அக்கலங்களுள் பல எந்நாட்டுக் கொடியும் பறக்கவிடாதவை. அவை ஆப்பிரிக்கக் கீழ்க்கரைக்கும் மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் செல்லும். இதனைத் தெற்கு வழி என்பர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இவ்வழி பெரிதும் ஓய்ந்திருக்கும். நம் கரையில் அலை எழும்பி வள்ளங்கள் மணலேறிக் கிடக்கும் அதே காலம் கடத்துவோருக்கும் ஓய்வுக் காலமாகின்றது! காற்றுத் தணிந்தபின் பெரிய கலம் கரையை அணுகாமல் நடுக்கடலில் நின்றுவிடும். ஒரு நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையே. பொருளாதார உரிமை மட்டும் 200 கடல் மைல் வரை செல்லும். கடல் மைல் ஒன்று 1,852 மீட்டர். அதற்கும் அப்பால், குறித்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் கூடும் புள்ளியில், குறித்த நாளில், ஒரு மீன்பிடி விசைப்படகு வந்து சரக்கை மாற்றிக்கொள்ளும். இடம் காட்டச் செயற்கைக்கோட் கருவியும், பேசச் செயற்கைக்கோட் தொலைபேசியும் உதவும். மீன் ஐஸோடு கிடக்கும் அறையில் சில மூட்டைகள் மிகுதல் தொலைவிலிருந்து நோக்குவார்க்குத் தெரியாது.

இவ்வாறு அகப்பட்ட படகுகள் சிலவற்றைச் சொல்வோம். 2020-ஆம் ஆண்டு நவம்பரில், தூத்துக்குடிக்குத் தெற்கே 'ஷெனயா துவா' என்னும் இலங்கைப் படகைக் கடலோரக் காவற்படையினர் மறித்தனர். சுமார் 100 கிலோ ஹெராயினும், ஐந்து கைத்துப்பாக்கிகளும், செயற்கைக்கோட் தொலைபேசியும் இருந்தன. 2021-ஆம் ஆண்டு மார்ச்சில் 'ரவிஹன்சி' என்னும் மற்றோர் இலங்கைப் படகு 300 கிலோ ஹெராயினோடும், ஐந்து ஏ.கே. 47 துப்பாக்கிகளோடும், ஆயிரம் தோட்டாக்களோடும் பிடிபட்டு விழிஞ்ஞத்துக்குக் கொண்டுவரப்பட்டது. விழிஞ்ஞம் நமக்குத் தொலைவன்று.

மூன்றாவது நிகழ்ச்சியே நமக்கு மிக அணித்து. வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்தாரும் கடலோரக் காவற்படையினரும் சேர்ந்து நடத்திய தேடுதலில், 2022-ஆம் ஆண்டு மே மாதம் இலட்சத்தீவுகளில் ஒன்றாகிய அகத்திக்கு அப்பால் இரண்டு படகுகள் அகப்பட்டன. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு கிலோவாக 218 ஹெராயின் பொட்டலங்கள் இருந்தன. கள்ளச் சந்தையில் அவற்றின் மதிப்பு சுமார் 1,526 கோடி ரூபாய் என்று அதிகாரிகள் கணக்கிட்டனர். ஒரு பொட்டலம் ஏழு கோடியாகின்றது. இப்படகுகள் அயல்நாட்டவை அல்ல. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து புறப்பட்டவை. ஒன்றன் பெயர் 'பிரின்ஸ்'. மற்றொன்றன் பெயர் 'லிட்டில் ஜீசஸ்'. நம் கடற்கரையில் வளர்ந்தவர் யாரும் இரண்டாம் பெயரைப் படித்தவுடனே அப்படகை மனக்கண்ணால் கண்டிருப்பர். அணியத்தில் வண்ணத்தால் எழுதிய பெயர், முதன்முறை கடலில் இறக்கும்போது நடந்த ஜெபம், வாங்கிய கடன், யாவும் அப்பெயருக்குள் அடங்கியுள்ளன.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், தூத்தூரும் அதனைச் சூழ்ந்த கரையூர்களும் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்றவை. சுறாவையும் சூரையையும் தேடி இவ்வூரார் வாரக்கணக்காக, நூற்றுக்கணக்கான கடல் மைல் தொலைவுக்குச் செல்வர். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இவ்வூர்களைத் தாக்கியபோதுதான் நாட்டார் பலரும் இவர்கள் எவ்வளவு தூரம் செல்கின்றனர் என்பதை அறிந்தனர். இத்திறமையையே கடத்துவோர் விலைக்குக் கேட்கின்றனர். இதனால் நம் மீனவர் கடத்தற்காரர் என்பது பொருளன்று. ஆயிரக்கணக்கான படகுகளில் இரண்டைக் கொண்டு ஒரு கரையைப் பழிப்பது அறியாமை. நாம் சொல்வது வேறு. அரபிக் கடலின் நடுவே குறித்த ஒரு புள்ளிக்குச் சென்று திரும்ப வல்லவர் மிகச் சிலர். அவருள் கடனாளிகளும் உண்டு. தேடுவோருக்கு அது தெரியும்.

அப்படிச் செல்லும் கூலியாளுக்கு என்ன தெரியும்? ஓர் இடம், ஒரு நாள், ஒரு தொலைபேசி எண். சரக்கு யாருடையது, இறுதியில் எங்கே செல்வது, விலை எவ்வளவு என்பவை தெரியா. படகில் செல்வோருள்ளும் எல்லாருக்கும் ஒரே அளவு தெரிந்திராது. சமையற்காரப் பையனுக்கு மூட்டை மட்டுமே தெரிந்திருக்கலாம். இவ்வறியாமை தற்செயலாய் நேர்ந்ததன்று. தொழில் அவ்வாறே அமைக்கப்பட்டுள்ளது. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணி தெரியாதிருக்க வேண்டும் என்பதே அதன் முதல் விதி. 'அயன்' படத்தில் கதாநாயகனுக்கு எல்லாம் தெரியும். முதலாளி அவனை மகன்போல் நடத்துகின்றார். பகைவனை அவன் முகத்துக்கு முகம் காண்கின்றான். படம் மெய்யினின்று மிக விலகும் இடம் இதுவே என்பது நம் கருத்து. கார் துரத்தலும் மாடி தாண்டலும் மிகைதான். அவற்றை எவரும் மெய்யென நம்பார். முதலாளியைக் கூலியாள் அறிவான் என்பதையோ நாம் எளிதில் நம்பிவிடுகின்றோம்.

சிட்டியின் சாவு மட்டும் மெய்க்கு அருகில் நிற்கின்றது. வயிற்றில் சுமப்போர் ரப்பர் உறைகளில் இறுகக் கட்டிய சிறு பொட்டலங்களை ஒவ்வொன்றாய் விழுங்குவர். ஒருவரே ஐம்பது முதல் நூறு வரை விழுங்குவதுண்டு. வழியில் மலம் கழியாதிருக்க மருந்தும் உண்பர். ஓர் உறை கிழிந்தாலும் ஆபத்து. ஹெராயினாயின் மூச்சு மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிடும். நாலாக்ஸோன் என்னும் மாற்று மருந்து உரிய காலத்தில் கிடைத்தால் பிழைக்கலாம். கொக்கேயினாயின் மாற்று மருந்தே இல்லை. இதயம் தாறுமாறாய்த் துடிக்கும், வலிப்புக் காணும், உடனே வயிற்றை அறுத்துப் பொட்டலங்களை அகற்றினாலன்றி உயிர் நில்லாது. இச்செய்தியைச் சுமப்பவளின் பக்கத்திலிருந்தே சொன்ன படம் ஒன்றுண்டு. 2004-இல் ஜோஷுவா மார்ஸ்டன் இயக்கி வெளிவந்த அதன் பெயர் 'மரியா ஃபுல் ஆஃப் கிரேஸ்'. கொலம்பியா நாட்டுப் பூத்தோட்ட வேலையை விட்ட ஒரு பெண்ணின் கதை. அதில் முதலாளி ஏறக்குறைய வருவதேயில்லை. விழுங்குதலும், விமானத்தில் அமர்ந்திருத்தலும், சுங்க அதிகாரியின் கேள்விகளுமே கதை. தமிழில் அத்தகைய படம் வேண்டும் என்று நாம் விரும்புகின்றோம். சிட்டி கதாநாயகனாயிருந்தால் 'அயன்' அப்படமாயிருக்கும்.

இனிச் சட்டம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டமே ஆள்வது. அது குற்றத்தை எடையால் அளக்கின்றது. ஹெராயின் 5 கிராம் வரை சிறு அளவு. 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. கஞ்சாவுக்கு இவ்வெல்லைகள் ஒரு கிலோவும் இருபது கிலோவும். வணிக அளவுக்குத் தண்டனை பத்தாண்டு முதல் இருபதாண்டு வரை கடுங்காவலும், ஒரு இலட்சத்துக்குக் குறையாத அபராதமும். ஜாமீன் கிடைப்பது அரிது. குற்றவாளியல்லர் என நம்ப நியாயமான காரணம் உண்டென்று நீதிமன்றம் திருப்தியடைந்தாலன்றி 37-ஆம் பிரிவு அதனைத் தராது. மாணவர் கருதத்தக்கது 35-ஆம் பிரிவு. பொதுவாகக் குற்ற மனத்தை மெய்ப்பிப்பது அரசுத் தரப்பின் கடமை. இச்சட்டத்திலோ குற்ற மனம் உண்டென்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும். 'எனக்குத் தெரியாது' என்பவர் தமக்குத் தெரியாதென்பதை ஐயத்துக்கிடமின்றித் தாமே மெய்ப்பிக்க வேண்டும். தெரியாமையை எவ்வாறு மெய்ப்பிப்பது! முன்பு அதிகாரிகள் எழுதி வாங்கிய வாக்குமூலமே பலருக்கு எதிரான பெருஞ்சான்றாய் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில், 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, அத்தகைய வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாய்க் கொள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இச்சட்டத்திலேயே இரக்கமுள்ள ஒரு பிரிவும் உண்டு: போதைக்கு அடிமையானவர் சிறு அளவுக் குற்றத்துக்கு ஆளாகித் தாமே சிகிச்சையை நாடினால், 64-ஏ பிரிவு வழக்கினின்று விலக்களிக்கும். இதனை அறிந்தோர் மிகச் சிலர்.

எங்கே அகப்படுகின்றார் என்பதும் விதியைத் தீர்மானிக்கின்றது. பன்னாட்டுக் கடற்படையினர் ஆழ்கடலில் மடக்கும் கொடியற்ற கலங்களில், சரக்கை அழித்துவிட்டு ஆட்களை விட்டுவிடுவதும் உண்டு. வழக்குத் தொடர எந்நாட்டுக்கும் தெளிவான அதிகாரம் இன்மையே காரணம். சிங்கப்பூரிலோ 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. 2013 முதல் அங்கே ஒரு சலுகை வழங்குகின்றது: குற்றவாளி வெறும் சுமைகாரர் என்பதும், கடத்தலைக் குலைக்க அதிகாரிகளுக்கு மெய்யான உதவி செய்தார் என்னும் அரசு வழக்கறிஞரின் சான்றிதழும் இருந்தால், நீதிபதி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்கலாம். அறிவிற் சிறந்த ஏற்பாடு போல் தோன்றும். ஆனால் உதவி செய்யத் தக்க செய்தி யாரிடம் இருக்கும்? அடுத்த கண்ணியை அறிந்தவனிடம். ஒன்றுமறியாதவன் எதனைச் சொல்வான்?

'அயன்' வெளிவந்த அதே 2009 ஏப்ரலில், 22-ஆம் தேதி, மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். அப்போது இளம் வயதினர். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின் இருந்தது. அறிவு அளவெண் 69 என்று சோதனையில் கண்டனர். எனினும் தாம் செய்வதை அவர் அறிந்திருந்தார் என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. உதவிச் சான்றிதழ் அவருக்குக் கிடைக்கவில்லை. பல நாடுகளிலிருந்து கருணை வேண்டுகோள்கள் சென்றன. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி விடியற்காலையில் சாங்கிச் சிறையில் தண்டனை நிறைவேறிற்று. அடுத்த மாதம்தான் 'லிட்டில் ஜீசஸ்' அகத்திக்கு அப்பால் அகப்பட்டது. மலேசியா தன் சட்டத்தினின்று கட்டாய மரண தண்டனையை 2023-இல் நீக்கிற்று; தண்டனையைத் தேரும் உரிமை அங்கே இப்போது நீதிபதிக்கு உண்டு. சிங்கப்பூரில் சட்டம் மாறவில்லை.